மொட்டை இளவரசி

நுண்ணுயிரியல் படித்து முடித்த நான் பார்த்த முதல் வேலை, சின்னப் பெண்குழந்தைகளை இளவரசிகளாக மாற்றுவது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில், புதுச்சத்திரம் தாண்டி உள்ளே திரும்பினால், சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நடுவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. தண்ணீர்ச் சறுக்குகள், ராட்டினம், செயற்கையாக அலையடிக்கும் குளம், இவற்றோடு ஒரு கோட்டை. ஒரு சாதாரணச் செங்கல் கட்டடத்தின் முகப்பில் மட்டும் பிளாஸ்டரில் கோபுரங்கள் செய்து ஒட்டி, ரோஸ் வண்ணம் அடித்திருந்தார்கள். பின்பக்கம் போனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மோட்டார் ரூமும் தெரியும். மேற்கிலிருந்து காற்று அடித்தால் கோழி எச்சத்தின் வாடை நேராகக் கோட்டைக்குள் வரும். அதை மறைக்க ரோஜா வாசனைத் தெளிப்பான் ஒன்றை எப்போதும் அடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் கலந்து ஒரு வாடை வரும். அரச குடும்பங்களின் வாடை அதுதான் என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

விளம்பரத்தில் இந்த வேலைக்கு 'குழந்தைகள் மகிழ்ச்சி அலுவலர்' என்று பெயர். மோகனூரில் கரும்பு போட்டிருக்கும் என் அப்பா, சொந்தக்காரர்களிடம் எல்லாம் "புள்ளைக்கு பார்க்குல ஆபீசர் வேலைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டைக்குள் என் பெயர் 'தேவதை அக்கா'. முதுகில் வலைத்துணியில் செய்த இறக்கை, கையில் பேட்டரி தீர்ந்துபோன ஒரு மந்திரக்கோல். இறக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறுவேன். ஒருமுறை கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, கொசுவலை என்ன விலை என்று கேட்டார்.

என்னோடு இன்னொரு தேவதை அக்கா இருந்தார். ஓமலூர்க்காரர். அசலில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் இங்கே வருவார். இறக்கை உரசுகிறது என்று சொல்லி, ஆள் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். அந்தக் கோட்டையில் எனக்குப் பிடித்திருந்த ஒரே ஆள்.

மேனேஜர் சென்னையிலிருந்து வந்தவர். வாய் திறந்தால் மேஜிக். டவல் மடிப்பதிலும் மேஜிக் இருக்க வேண்டும், குப்பைக்கூடையிலும் மேஜிக் இருக்க வேண்டும். அவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த நாளில், குழந்தை உள்ளே வந்ததும் மண்டியிட்டு வணங்கி, "வாருங்கள் இளவரசி! உங்கள் அரண்மனை உங்களுக்காகக் காத்திருந்தது" என்று சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னதும் குழந்தைகள் எல்லாம் ஒரே மாதிரி பின்னால் திரும்பிப் பார்க்கும், யாரோ பெரிய மனுஷர் வந்திருக்கிறார் போல என்று. இன்னொரு கட்டளையும் போட்டார். எங்கள் பக்கத்தில் குழந்தைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். 'வா சாமி', 'சாப்பிடு சாமி' என்பது நாக்கில் ஊறிய வார்த்தை. கோட்டைக்குள் அதைச் சொல்லவே கூடாது. சொன்னால் மேஜிக் கலைந்துவிடுமாம்.

ஓமலூர் அக்கா அவர் போனதும் சொன்னார்: "சாமியா உள்ள வருது. நாம அதை இளவரசியா எறக்கி வெளிய அனுப்பறோம். நல்ல தொழிலுங்க போ."

உடைகளைப் பற்றிச் சொல்லக்கூடாதுதான், சொல்கிறேன். எல்லாமே நைலான். ஒரே அளவு. ஒல்லிக் குழந்தைக்கு முதுகில் ஊக்குக் குத்தி இறுக்குவோம், குண்டுக் குழந்தைக்கு முதுகைத் திறந்துவிட்டு மேலே ஒரு அங்கியைப் போர்த்துவோம். போட்டோவில் முதுகு தெரியாது. வாரம் ஒருமுறை சலவைக்குப் போவதாகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. உண்மையில் பின்பக்கக் கம்பியில் வெயிலில் தொங்கவிட்டு, அந்த ரோஜாத் தண்ணீரை அடிப்போம். பவுடர் பூசும் பிரஷ் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். வந்த முகங்களை எல்லாம் அவைதான் தடவும். மூன்று வருடம் கிருமிகளைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துப் பார்த்தவள் நான். ஸ்பிரிட் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள், துடைத்துத் துடைத்துப் பூசுகிறோம் என்று கேட்டேன். ஸ்பிரிட் வாடை ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். நானே ஒன்று வாங்கி இறக்கைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

பெற்றோர்களைச் சொல்ல வேண்டும். அவர்கள் குழந்தையோடு வரவில்லை, போனோடு வந்தார்கள். குழந்தை அந்தப் போனுக்குத் தீனி. அப்பா சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்தாலும் அதைப் போட மாட்டார், போட்டோவில் தானும் விழுந்துவிடலாம் என்று. அம்மாக்கள் என் காதருகே வந்து, "அம்மிணி, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி போட்டு உடுங்க" என்பார்கள். அவர்கள் சொல்லவே வேண்டாம். எங்களிடம் இருந்த ஃபவுண்டேஷன் ஒரே நிறம்தான். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளை. கருங்காலி மாதிரி மினுமினுக்கிற குழந்தைகள் அதைப் பூசிக்கொண்டு சாம்பல் நிறத்தில் எழுந்து நிற்கும். "அய்யோ என் தங்கம், எவ்ளோ அழகு!" என்று அம்மாக்கள் கத்துவார்கள். இத்தனை நாள் அந்த அழகை எங்கே வைத்திருந்தார்களோ.

இதில் மிகப் பெரிய கூத்து, அலங்காரம் செய்த குழந்தை எந்த விளையாட்டிலும் ஏறக் கூடாது. சறுக்கில் உடை நனையும், ராட்டினத்தில் உடை சிக்கும், குளத்தில் முகம் கரையும். அதனால் தண்ணீர் விளையாட வந்த குழந்தை, உலர்ந்த இளவரசியாகக் கோட்டை வாசலில் நின்று, மற்றக் குழந்தைகள் கத்திக்கொண்டே தண்ணீரில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையையும் படமெடுப்பார்கள். பிறகு அழுகை, பிறகு ஐஸ்கிரீம், பிறகு ஐஸ்கிரீம் சிந்திய உடைக்காக எங்களோடு தகராறு.

அந்தக் குடும்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேன் வாசலில் நின்றதுமே கறிக்குழம்பு வாசனை இறங்கி வந்தது. மோகனூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் பொண்ணுக்கு மொட்டையும் காதுகுத்தும் முடித்து, கிடா வெட்டி, பந்தி பரிமாறிவிட்டு, அப்படியே இங்கே வந்திருக்கிறார்கள். அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். அம்மா பட்டுப்புடவையிலேயே வந்திருந்தார். நடுவில் அந்தக் குழந்தை. நான்கு வயதிருக்கும். தலை முழுவதும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காது மடல் இரண்டும் சிவந்து வீங்கி, நடுவில் புதுக் கம்மல். ஒரு கையால் தன் தலையைத் தடவிக்கொண்டே நடந்து வந்தது.

நான் மண்டியிட்டு, "வாருங்கள் இளவரசி" என்று ஆரம்பித்தேன். அது பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து தலையைக் குனிந்தது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன்.

"சொரசொரன்னு இருக்குதா? முடிய சாமிக்குக் குடுத்துட்டேன். நான் அழுவவே இல்ல. எங்க பெரியப்பா பையன் அழுதான்."

ஓமலூர் அக்காவிடமும் போய்க் குனிந்தது. அவரும் தொட்டார். வாசலில் நின்ற மேனேஜரிடமும் போனது. அவர் போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அம்மா எங்களிடம் விளக்கினார்: "மொட்டையோட எடுத்த போட்டோவ எப்படிங்க வெக்கறது? முடி மொளைக்கற வரைக்கும் இந்தத் தலையோட தான இருக்கோணும். அதான் கையோட இங்க ஒண்ணு எடுத்துரலாமின்னு. அந்த நீள முடி வெக்கறீங்களே, மஞ்சக் கலர்ல, அது வெச்சு உடுங்க. தலை இருக்கறதே தெரியக் கூடாது."

அப்பா கட்டணப் பலகையைப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதான வைர அலங்காரம் என்றார். அதில் உடை, கிரீடம், பொய்முடி, தொங்கட்டான், கடைசியில் பேட்டரி வண்டியில் பூங்காவைச் சுற்றி ஊர்வலம் எல்லாம் உண்டு.

தொங்கட்டான் என்பது காதில் கவ்வுகிற கிளிப். காலையில் குத்திய காது. அதுவும், எத்தனையோ காதுகளில் கவ்விய கிளிப். "இந்த உடைக்குத் தொங்கட்டான் பொருந்தாதுங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி அதை எடுத்து உள்ளே வைத்தேன். அம்மாவுக்கு முகம் சுருங்கியது.

அடுத்தது சந்தனம். மேலே பொய்முடி வைக்க வேண்டும் என்றால் தலையைத் துடைக்க வேண்டும். "தொடச்சு உடுங்க, கெடக்குது" என்றார் அப்பா. குழந்தை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டது. ஓமலூர் அக்கா ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி சந்தனமுங்க. அது தானா உதிரோணும். நாங்க கை வெக்க மாட்டோம்." அப்பாவுக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும், "செரி, உடுங்க" என்றுவிட்டார். அதனால் சந்தனத்துக்கு மேலேயே இறுக்கமான நைலான் வலைத்தொப்பியை மாட்டி, அதன் மேல் மஞ்சள் முடியை வைத்து ஊக்குக் குத்தினோம். முகத்துக்கு அந்தச் சுண்ணாம்பு. கண்ணுக்கு மேல் மினுமினுப்புத் தூள். குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மொட்டையடிக்கும்போது அழாமல் இருந்ததற்குக் கிடைத்த பாராட்டு அதன் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கண்ணாடிக்கு நாங்கள் திரை போட்டிருப்போம். எல்லாம் முடிந்ததும் பாட்டுப் போட்டு, மந்திரக்கோலைச் சுழற்றி, திரையை விலக்க வேண்டும். விலக்கினேன்.

குழந்தை கண்ணாடியைப் பார்த்தது. பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தது.

"அந்தப் பாப்பா யாரு?"

"அது நீங்கள்தான் இளவரசி" என்றேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வாக்கியம்.

அது மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைத் தொட்டது. விரலில் நைலான் முடி. இன்னொரு பக்கம் தொட்டது. அங்கேயும் முடி.

"என்ற மொட்டை எங்க?"

அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொண்டே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ற மொட்டையக் காணோம்! அம்மா, என்ற மொட்டைய எடுத்துட்டாங்க!"

அப்படியொரு அலறலை நான் அந்தக் கோட்டையில் கேட்டதில்லை. கோயிலில் கத்தி தலையில் ஓடியபோது அழாத குழந்தை அது. "இங்க பாரு சாமி, கேமராவப் பாரு, சிரி" என்றார் அப்பா. மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆனந்தக் கண்ணீர் சார். நிறைய குழந்தைகளுக்கு இப்படி ஆகும்" என்றார். கண்ணீரில் கரைந்த மினுமினுப்பு கண்ணுக்குள் இறங்கியது. குழந்தை ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறு கையால் முடியைப் பிடித்து இழுத்தது. ஊக்கு ஒன்று புதுக் கம்மலில் மாட்டிக்கொண்டது. காதிலிருந்து ரத்தம் சொட்டி, ரோஸ் உடையின் தோளில் விழுந்தது.

நான் கோலைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே பொய்முடியையும் தொப்பியையும் கழற்றினேன். கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். காதைப் பஞ்சால் ஒற்றினேன். இத்தனைக்கும் நடுவில் அம்மா கேட்டது, "அந்த வீடியோ வந்துச்சுங்களா?" என்பது. என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

அலறல் சத்தம் கேட்டு வேனிலிருந்து தாய்மாமன் ஓடி வந்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவர். கிடாக்கறி தின்றுவிட்டுப் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர், வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே உள்ளே வந்தார். வந்ததும் அவர் பார்த்தது காதுக் கம்மலை. தாய்மாமன் சீராக அவர் வாங்கிப் போட்டது.

"யாருங்க இது கம்மலப் புடுச்சு இழுத்தது?"

"யாரும் இழுக்கலைங்கண்ணா, நீங்க போய் வேன்ல உக்காருங்க" என்றார் அம்மா.

இதற்குள் குழந்தை என் இடுப்பிலிருந்தபடியே மறுபடி கண்ணாடியைப் பார்த்துவிட்டது. சந்தனத்தின் மேல் வலைத்தொப்பியின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அழுகை நின்றது. கையால் தடவிப் பார்த்தது. "இருக்குது" என்றது. பிறகு மேசையில் இருந்த கிரீடத்தைக் காட்டி, "அதை இதும் மேல வெய்ங்க" என்றது.

வைத்தோம். முடியில்லாத தலையில் கிரீடம் வழுக்கி மூக்குக்கு வந்தது. குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. ஓமலூர் அக்கா தன் இறக்கையிலிருந்த எலாஸ்டிக் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்து, கிரீடத்தில் முடிந்து, தாடைக்குக் கீழே மாட்டிவிட்டார். காதில் படாமல் முன்னால் இழுத்துவிட்டார். குழந்தை கீழே இறங்கி, கண்ணாடி முன் இடுப்பில் கை வைத்து நின்றது. நான் அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்து ஒரு குழந்தை தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டது அன்றுதான்.

மேனேஜருக்கு முகம் வெளிறியது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஊர்வலம் கேன்சல். இந்தத் தலையோட வெளிய போக முடியாது."

"ஏனுங்க சார்?"

"பார்க்கிறவங்க ஏதோ சீக்கு வந்த குழந்தைன்னு நினைப்பாங்க. பார்க்கோட மூடே போயிடும்."

மெதுவாகத்தான் சொன்னார். தாய்மாமன் காதில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க? சீக்கா? என்ற மடில ஒக்கார வெச்சு எறக்குன மொட்டைங்க இது! கோயல்ல பெரிய பந்தியே போட்டிருக்குதுங்க. நீங்க யாருங்க அதை மூடி வெய்யிங்கறதுக்கு?"

இதைக் குழந்தைக்காகப் பேசினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவர் கோபம் காலையிலிருந்தே சேர்ந்தது. மாப்பிள்ளை பந்தியில் தன்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார் என்பதும், சீர்த்தட்டைப் பார்த்துத் தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை என்பதும் அடுத்தடுத்து வெளியே வந்தன. அப்பா பதிலுக்குக் கத்தினார்: "மச்சான், உங்க பெருமைய இங்க கொண்டு வராதீங்க. அவங்க தலைய மூடச் சொன்னா மூடிட்டுப் போறோம்." ஆனால் மேனேஜர், "சார், விக் இல்லாம நாங்க அலவ் பண்ண மாட்டோம்" என்று சொன்ன மறுகணம், "அதென்னய்யா அலவ்? ஊர்வலம் உண்டுன்னு போர்டுல போட்டிருக்குதல்ல? நான் எடுத்தது வைரம்" என்று அவர் பக்கமும் பாய்ந்தார். அம்மா, எல்லாரும் அமைதியாக இருந்தால் குழந்தைக்கு மறுபடி முடி வைத்து ஒரே ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்றார். ஒரு குழந்தையின் தலையைப் பற்றி நான்கு பெரிய மனிதர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலை அங்கே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அது வெளியே போய்ப் பேட்டரி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரே ஒரு விதி தெரியும்: கிரீடம் வைத்த குழந்தை சீட்டில் உட்கார்ந்தால் பாட்டைப் போட்டு வண்டியை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டார். தேவதை அக்கா பின்னால் நடந்து வர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விதி. இறக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

சறுக்குக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் பயந்தது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் மொட்டையைப் பார்த்துச் சீக்கு என்று நினைக்கிற ஆள் யார்? ஈர நைட்டியில் நின்ற ஒரு அம்மா வண்டியோடு கூடவே நடந்து, "எந்தக் கோயலுங்க சாமி?" என்று கேட்டார்.

"ஆத்தோரக் கோயலு. கெடா வெட்டுனாங்க."

"யார் மடில உக்காந்து எடுத்தீங்க?"

"எங்க மாமன் மடில. நான் அழுவல. தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர். ஒரு தாத்தா, "காது வலிக்குதா கண்ணு?" என்றார். கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று "சாமி வருது, வழி விடுங்க" என்று கேலியாகக் கத்த ஆரம்பித்து, பிறகு நிஜமாகவே வழி விட்டது. பூங்காவைச் சுற்றி முடிக்கும் வரை ஒரு ஆள்கூட அதை இளவரசி என்று கூப்பிடவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் இளவரசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தைகள் குளத்துக்குப் பக்கத்தில் வண்டி மெதுவாகத் திரும்பியபோது, அது கீழே குதித்தது. "இது குத்துது" என்று சொல்லி, முதுகில் ஒரே ஒரு ஊக்கில் நின்ற அந்த நைலான் உடையை உதறி என் கையில் திணித்துவிட்டு, கிரீடமும் பாவாடையுமாகக் குளத்துக்குள் ஓடியது. நடுவில் காளான் மாதிரி ஒன்று நின்று சுற்றிலும் தண்ணீரைப் பொழியும். அதன் கீழே போய் நின்றது. தலையிலிருந்து சந்தனம் மஞ்சளாக வழிந்து கன்னத்துச் சுண்ணாம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அதற்கடியில் அதன் நிறம் வந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழகைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குளத்துத் தண்ணீரில் என்னென்ன மிதக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் குத்திய காது, மத்தியானம் கிழிந்த காது. செருப்போடு இறங்கி, முழங்கால் தண்ணீரில் அதன் பின்னால் குந்தி, இரண்டு காதையும் என் இரண்டு உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். இறக்கை நனைந்து கனத்துத் தொங்கியது. அது பாட்டுக்கு வாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரையில் இருபது முப்பது போன்கள் எங்களைப் பார்த்து நீண்டன. அதில் அம்மாவின் போனும் ஒன்று. சண்டையை விட்டு வந்துவிட்டார். "அம்மிணி, அந்தக் கைய எடுங்க, மொகம் மறைக்குது" என்றார்.

எடுக்கவில்லை. மாமன் வந்து துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகும் வரை அப்படியே இருந்தேன். போகும்போது, வேறு தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சீழ் வைத்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். "சரிங்க அம்மிணி" என்று தலையாட்டினார். வேன் கிளம்பும்போது உள்ளே மறுபடி பந்தி வரிசைச் சண்டை ஆரம்பித்துவிட்டது கேட்டது. குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தது.

மேனேஜர் என்னைத் திட்டியதை எழுத வேண்டியதில்லை. அடுத்த வாரம் நடந்ததை எழுத வேண்டும். கரையில் நின்ற யாரோ எடுத்த படம் போன் போனாகப் போய், எங்கள் ஊர் கறிக்கடைக்காரர் வரைக்கும் பார்த்துவிட்டார். மொட்டைத்தலையில் கிரீடம், பின்னால் நனைந்த இறக்கையோடு ஒருத்தி. அந்தத் தலையை வெளியே விடக் கூடாது என்று தொண்டை வற்றக் கத்திய அதே மேனேஜர், நுழைவாயிலில் ஒரு பெரிய பேனர் கட்டினார். 'முடியிறக்கிய செல்லங்களுக்கு மொட்டை இளவரசி சிறப்பு அலங்காரம்.' பேனரில் இருந்தது அந்தக் குழந்தை இல்லை. வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் வைத்து யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு மொட்டை. தலையில் சந்தனத்துக்குப் பதில் மஞ்சள் பெயின்ட். நிஜச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து தரையைக் கெடுக்கிறது என்று எங்களுக்கும் அந்தப் பெயின்ட்டைத்தான் கொடுத்தார்.

கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறவர்கள் வந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. பிறகு, மொட்டை போடாத குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், எங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். மேனேஜர் அசரவில்லை. சினிமாக்காரர்கள் போடுகிற ரப்பர் மொட்டையைச் சின்ன அளவில் வரவழைத்துவிட்டார்.

அப்படி ஒரு குழந்தை எனக்கு வாய்த்தது. இடுப்பு வரை ரெட்டைச் சடை, கனகாம்பரம் வைத்துப் பின்னியது. அந்தச் சடையைச் சுருட்டி ரப்பருக்குள் திணிக்க வேண்டும். "வலிக்குதுங்க" என்றது. ஒரு சடையை உள்ளே தள்ளியபோது கனகாம்பரம் நசுங்கியது. இன்னொன்றைத் தள்ளவில்லை. ரப்பரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அதன் அம்மாவிடம், "இது என்னால முடியாதுங்க" என்றேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து, இதில் என்ன கஷ்டம், மேஜிக் என்பதே ஒரு தலையை இன்னொரு தலையாக்குவதுதானே என்றார். அவர் சொன்னதிலேயே உண்மையானது அது ஒன்றுதான்.

இறக்கையை ஆணியில் மாட்டினேன். ஓமலூர் அக்கா கொஞ்சம் வேர்க்கடலையை என் கையில் வைத்து, "நல்ல வேலையா ஒண்ணு பாத்துக்கோ கண்ணு. எனக்கு அடுத்த முகூர்த்தம் வரைக்கும் இதுதான்" என்றார். நான் வீர வசனம் எதுவும் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

இப்போது நாமக்கல்லில் கோழித் தீவனமும் முட்டையும் பரிசோதிக்கிற ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். முட்டைகளைத் துடைத்து, உடைத்து, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பேன். முட்டையின் அம்மா பக்கத்தில் நின்று, கொஞ்சம் கலராக வர்ற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதில்லை. நிம்மதியான வேலை.

போன மாதம் அண்ணி போன் செய்தார். அண்ணன் மகள் பாப்பாவுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். "நீ வேல பாத்த எடத்துல கோட்டைக்குள்ள இளவரசி வேசம் போட்டு உடறாங்களாமல்ல? கூட்டிட்டுப் போலாமுங்கறேன். உனக்கு ஆளு தெரியுமல்ல?"

"அதை மூடிட்டாங்க அண்ணி" என்றேன்.

"அட, எப்போ? போன வாரங்கூட எங்க பக்கத்தூட்டுக்காரங்க போய்ட்டு வந்தாங்களே."

"அதுக்குப் பொறவுதான்."

அண்ணி நம்பவில்லை. நம்பாவிட்டாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. பிறந்தநாளன்று வீட்டிலேயே கேக் வெட்டினார்கள். பாப்பா மேலே இருந்த கிரீமை மட்டும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, கையை என் புடவையில் துடைத்துக்கொண்டு, வாசலில் சைக்கிள் ஓட்டப் போய்விட்டது.